மலையேறிய குளிர்ப்பெட்டி

கொல்லிமலைக்குக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறும் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வளைவுகளுக்கு எண்ணிட்டுப் பலகை நட்டிருக்கிறார்கள். முதல் இருபது வளைவுகளைப் பேச்சிலும் சிரிப்பிலும் கடந்துவிடும் பயணி, நாற்பதைத் தாண்டும்போது மௌனமாகிவிடுவார். 2007ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சில நாள்கள் முன்பாக, அந்தப் பாதையில் ஒரு சிறிய லாரியின் முன்னிருக்கையில் நாமும் அமர்ந்து சென்றோம். நம் நண்பர் ஒருவர் நாமக்கல்லில் புதிதாக வாங்கிய குளிர்ப்பெட்டி, பின்னால் அரிசி மூட்டைகளுக்கு நடுவே படுக்கவைக்கப்பட்டிருந்தது. நிறுத்தி வைத்தால் வளைவில் சாய்ந்துவிடும் என்று அஞ்சிப் படுக்கவைத்தார்கள். அது பிழை என்பது அப்போது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

நண்பரின் குடும்பம் செம்மேட்டுக்கு அருகில் ஒரு தலைமுறைக்கும் மேலாக வாழ்ந்து வருகிறது. சோளக்காட்டுச் சந்தையில் மிளகும் காப்பிக்கொட்டையும் அன்னாசியும் பலாவும் வாங்கிக் கீழே அனுப்புவது தொழில். குளிர்ப்பெட்டி வாங்கியதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று, நீரிழிவு கண்ட அவருடைய தாயாருக்கு நாள்தோறும் போடவேண்டிய இன்சுலின். அதுவரை அம்மருந்துக் குப்பியை ஈரமணல் நிரப்பிய சட்டிக்குள் சிறு மண்கலயம் வைத்து அதனுள் பாதுகாத்து வந்தார்கள். மற்றது, வரவிருந்த பெருநாளின் குர்பானி இறைச்சி.

பெட்டியை இறக்கித் தாழ்வாரத்தில் நிறுத்தியபோது, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே வந்த அந்த அம்மையார் கேட்டார்: “ஏன் தம்பி, மார்கழிக் குளிரிலே பல்லு கிட்டுது. இதிலே காசு கொடுத்துக் குளிரை வேறே வாங்கிட்டு வந்திருக்கியா?”

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அது சிரித்துத் தள்ளிவிடக்கூடிய வினா அன்று. குளிரை விலை கொடுத்து வாங்கும் வழக்கம் மனிதனுக்கு எப்போது வந்தது? இன்று நம் சமையலறை மூலையில் முனகிக்கொண்டு நிற்கும் இப்பெட்டிக்கு முன்னோர் யாவர்? அதனைச் சற்று ஆராய்ந்துவிட்டு மீண்டும் அந்தத் தாழ்வாரத்துக்கு வருவோம். அங்கே அவ்வாண்டு நேர்ந்ததும் சொல்லப்படவேண்டியதே.

வளைகுடா நாடுகளில் பணியாற்றித் திரும்பிய நம்மவர்களுக்குத் ‘தல்லாஜா’ என்னும் அரபுச் சொல் பழக்கமானது. குளிர்ப்பெட்டியை அங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள். ‘தல்ஜ்’ என்றால் பனி. பனியைத் தருவது தல்லாஜா. பாரசீகர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், பழைய சொல்லையே புதிய பொருளுக்குச் சூட்டிவிட்டார்கள். அவர்கள் மொழியில் குளிர்ப்பெட்டிக்குப் பெயர் ‘யக்சால்’. பனிக்குழி என்பது அதன் நேர்ப்பொருள். ஈரானின் வறண்ட நகரங்களான மைபூத், கிர்மான் போன்றவற்றில் பழைய யக்சால்கள் இன்றும் நிற்கின்றன. தடித்த மண்சுவரால் எழுப்பிய பெருங்கூம்பு, அதனடியில் ஆழ்ந்த குழி, அருகே உயர்ந்த மதிலின் நிழலில் ஆழமற்ற நீர்த்தொட்டி ஆகியவை அதன் உறுப்புகள். குளிர்கால இரவில் தொட்டிநீர் உறையும். விடியுமுன் அதனை வெட்டிக் குழிக்குள் அடுக்கி மூடிவிடுவார்கள். கோடையில் அந்தப் பனி சர்பத்துக்கு வரும். பாலைவனத்து மனிதன் பனிக்கட்டியைக் கோடைவரை சேமித்து வைத்தான் என்றால், அவன் வெயிலையும் இரவையும் எவ்வளவு நுணுக்கமாகப் படித்திருக்கவேண்டும்!

நம் நாட்டில் முகலாயர் ஆட்சியில் இருவழிகள் கையாளப்பட்டன. அபுல் ஃபஸ்ல் தம்முடைய ‘ஆயினே அக்பரி’யில் இதற்கென்றே ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார். வெடியுப்பைக் கரைத்த நீருக்குள் குடிநீர்க் குப்பியை இட்டுச் சுழற்றிக் குளிரச் செய்தது ஒரு வழி. வெடிமருந்துக்குப் பயன்பட்ட அந்த உப்பே தாகத்துக்கும் பயன்பட்டது. அக்பரின் அரசவை 1586ஐ ஒட்டி லாகூர்ப் பக்கம் சென்றபின், வடக்கு மலைகளிலிருந்து பனிக்கட்டியையே படகிலும் வண்டியிலும் ஆள்தலையிலும் வரவழைத்தனர். வழியில் உருகிப் போனது போக மிஞ்சியதற்குத்தான் விலை.

மலையில்லாத அலகாபாத்திலும் பனி விளைவித்தார்கள் என்றால் நம்புவது கடினம். சர் ராபர்ட் பார்க்கர் என்னும் ஆங்கிலேயர் அதனை நேரில் கண்டு 1775ஆம் ஆண்டு லண்டனில் கட்டுரையாக வெளியிட்டார். திறந்த வெளியில் ஆழமற்ற குழிகள் வெட்டி, அவற்றில் வைக்கோலும் கரும்புச் சக்கையும் பரப்பி, அதன்மேல் மெல்லிய மண்தட்டுகளில் நீர் வார்த்து, தெளிந்த குளிர்கால இரவில் விட்டுவிடுவர். காற்று உறைநிலையை எட்டாத இரவிலும் தட்டுநீர் உறைந்து கிடக்கும். நீரிலிருந்த வெப்பம் மேகமற்ற வானத்தை நோக்கிக் கதிராய்ப் போய்விடுவதும், மண்தட்டின் நுண்துளைகள் வழியே நீர் ஆவியாவதும் சேர்ந்து செய்த வேலை அது. நண்பர் வீட்டு மணல்சட்டியும் இந்த இரண்டாவது தத்துவத்தில்தான் இன்சுலினைக் காத்து வந்தது. நீர் ஆவியாகும்போது அருகிலுள்ள பொருளின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. இந்த ஒரு வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் பொறியின் கதை முழுவதும் விளங்கிவிடும்.

இனி, குளிர் வாணிபத்தின் மிக விசித்திரமான அத்தியாயத்துக்கு வருகிறோம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வணிகர் ஃபிரெடரிக் டூடர், தம் ஊர்ப்பக்கத்து ஏரிகள் குளிர்காலத்தில் உறைவதைக் கண்டு, அதனை வெப்ப நாடுகளுக்கு விற்கலாம் என்று எண்ணினார். 1806ஆம் ஆண்டு மார்ட்டினீக் தீவுக்கு முதல் கப்பல் அனுப்பியபோது ஊரார் நகைத்தார்கள். முதல் ஆண்டுகளில் நட்டம். கடன் தொல்லையால் சிறைக்கும் போய் வந்தார். ஆயினும் விடவில்லை. நதானியல் வயத் என்பவர் குதிரை இழுக்கும் பனிக்கலப்பையைச் செய்து கொடுத்தபின், ஏரியைச் சதுரம் சதுரமாக உழுது அறுக்க முடிந்தது. வேண்டாமென்று ஒதுக்கப்பட்ட மரத்தூளே பனிக்கட்டிகளுக்கு மெத்தையாகவும் போர்வையாகவும் ஆயிற்று.

1833ஆம் ஆண்டு மே மாதம் ‘டஸ்கனி’ என்னும் கப்பல் 180 டன் பனிக்கட்டியுடன் பாஸ்டனை விட்டுப் புறப்பட்டது. ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி, நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, நான்கு மாதம் கழித்துக் கல்கத்தா சேர்ந்தபோது ஏறத்தாழ 100 டன் உருகாமல் இருந்தது. நான்கு மாதம் வெயிலில் மிதந்து வந்த பனியில் பாதிக்குமேல் எப்படித் தப்பியது? மரத்தூளின் திறமை பாதிக் காரணம். மீதிப் பாதி, பனியின் இயல்பிலேயே இருக்கிறது. ஒரு கிராம் பனிக்கட்டி வெறுமனே உருகுவதற்கு, அதாவது சூடேறாமல் நீராக மாறுவதற்கு மட்டும், 80 கலோரி வெப்பம் வேண்டும். அதே வெப்பத்தை அந்த ஒரு கிராம் நீருக்கு மேலும் கொடுத்தால், அது கைவைக்க முடியாத கொதிநீராகி 80 டிகிரியை எட்டிவிடும். பனி அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்கும் பொருள் அன்று. இந்த 80 கலோரிக் கணக்கை வாசகர்கள் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டுகிறோம். கொல்லிமலைத் தாழ்வாரத்தில் அது மீண்டும் நம்மிடம் வந்து கணக்குக் கேட்கும்.

சென்னைக்கும் பனிக்கப்பல் வந்தது. 1842இல் கடற்கரையில் டூடரின் பனிக்கிடங்கு எழுந்தது. திருவல்லிக்கேணிவாசிகள் இன்றும் ‘ஐஸ் அவுஸ்’ என்று சொல்வது அந்தக் கட்டடத்தின் பெயரைத்தான். வாலாஜா பெரிய பள்ளிவாசலிலிருந்து நடந்து போகும் தூரம். பேருந்து நிறுத்தத்தின் பெயராக அதனை நாள்தோறும் உச்சரிப்பவர்களில் எத்தனை பேர், அது ஒரு காலத்தில் அமெரிக்க ஏரியின் பனியை வைத்திருந்த வீடு என்பதை அறிவர்? அந்த ஏரிகளில் ஒன்று வால்டன். 1846-47 குளிர்காலத்தில் அங்கே ஆள்கள் கூட்டமாக வந்து பனி அறுத்ததை, கரையில் குடிசை கட்டித் தனித்து வாழ்ந்த தோரோ என்னும் அறிஞர் பார்த்திருந்தார். தம் ஏரியின் நீரைச் சென்னையிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் உள்ளோர் பருகுவர் என்று வியந்து 1854இல் வெளியான தம் நூலில் எழுதியும் வைத்தார்.

பனியைப் பருகியவர்கள் யாவர் என்பது வேறு விஷயம். வெள்ளை அதிகாரிகளும் பெருஞ்செல்வர்களும் பருகினார்கள். திருவல்லிக்கேணிச் சந்துகளில் மண்கூஜாவே ஆட்சி புரிந்தது. 1870களில் சென்னையிலும் கல்கத்தாவிலும் நீராவிப் பொறியால் பனிக்கட்டி செய்யும் ஆலைகள் தோன்றவே, கப்பல் பனியின் காலம் முடிந்தது. சென்னைக் கிடங்கு கைமாறி வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்காரின் மாளிகையாயிற்று. 1897இல் விவேகானந்தர் அங்கே தங்கினார். பின்னர் சகோதரி சுப்புலட்சுமியின் முயற்சியால் இளம் விதவைகள் தங்கிப் படிக்கும் விடுதியாக இருந்தது. 1963இல் விவேகானந்தர் இல்லம் என்று பெயர் பெற்றது. பனி உருகிப்போன வீட்டுக்குள் எத்தனை வரலாறுகள் குடிபுகுந்துவிட்டன!

பொறியால் குளிர் உண்டாக்கும் முயற்சி அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஸ்காட்லாந்தின் வில்லியம் கல்லன், ஈதர் என்னும் எளிதில் ஆவியாகும் திரவத்தைக் காற்றிறக்கிய கலத்தில் ஆவியாக்கிச் சிறிது பனி செய்து காட்டினார். 1834இல் லண்டனில் ஜேக்கப் பெர்க்கின்ஸ், அந்த ஆவியை வீணாக்காமல் அழுத்தித் திரும்பவும் திரவமாக்கி மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் பொறிக்கு உரிமை பெற்றார். அமெரிக்க மருத்துவர் ஜான் கோரி, காய்ச்சல் நோயாளிகளின் அறையைக் குளிர்விக்கவேண்டி ஒரு பொறி செய்து 1851இல் உரிமை பெற்றார். பனிவணிகர்களின் உலகம் அவரைக் கேலி செய்தது. பயன் காணாமலே அவர் மறைந்தார். ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசனும், ஜெர்மனியின் கார்ல் ஃபான் லிண்டேயும் இதனைத் தொழிலாக வளர்த்தார்கள்.

பெர்க்கின்ஸின் பொறிதான் இன்றும் நம் வீட்டில் இருக்கிறது. பெட்டிக்குள்ளிருக்கும் குழாயில் ஒரு திரவம் ஆவியாகி, உள்ளேயுள்ள உணவின் வெப்பத்தைக் கவர்ந்துகொள்கிறது. அந்த ஆவியைக் கீழேயுள்ள கம்ப்ரஸர் இழுத்து அழுத்துகிறது. அழுந்திய ஆவி சூடேறிப் பின்புறத்துக் கம்பிவலைக் குழாயில் அந்த வெப்பத்தை அறைக்குள் விட்டுவிட்டு மீண்டும் திரவமாகிறது. ஆகவே குளிர்ப்பெட்டி குளிரை உண்டாக்குவதே இல்லை. உள்ளேயிருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டும் கூலிக்காரன் அது. பின்புறத்தைத் தொட்டுப் பார்த்து, “சூடாயிருக்கிறதே, பழுதோ?” என்று அஞ்சுவோர் உண்டு. அந்தச் சூடுதான் அவன் வேலை செய்வதற்குச் சாட்சி. கதவைத் திறந்து வைத்தால் அறை குளிரும் என்று எண்ணுவோரும் உண்டு. உள்ளிருந்து எடுத்த வெப்பமும், மின்சாரத்தால் உண்டான வெப்பமும் அதே அறையில்தான் விழுகின்றன. அறை சற்றே சூடாகும்.

வீட்டுக்குள் வந்த தொடக்கத்தில் இப்பெட்டி ஆபத்தானது. கந்தக டை ஆக்சைடும் மெத்தில் குளோரைடும் அம்மோனியாவும் குழாய்களில் ஓடின. கசிந்தால் உயிர் போகும். பெர்லினில் ஒரு குடும்பம் இவ்வாறு மாண்ட செய்தியைப் படித்துத்தான் ஐன்ஸ்டைனும் அவருடைய இளம் நண்பர் சிலார்டும் அசையும் உறுப்பே இல்லாத குளிர்ப்பொறி ஒன்றை வகுக்க முற்பட்டனர் என்பர். அவர்களுடைய பொறி வீடுகளுக்கு வரவில்லை. அதற்குள் நச்சில்லாத, தீப்பற்றாத ஃப்ரியான் வாயு 1930ஐ ஒட்டி வந்துவிட்டது. அரை நூற்றாண்டுக் காலம் அதனைவிட நல்ல பொருள் இல்லை என்றே உலகம் நம்பியது. 1974இல் மொலினா, ரோலண்ட் என்னும் இரு விஞ்ஞானிகள், அவ்வாயு விண்ணுக்கு ஏறி ஓசோன் படலத்தைத் தின்கிறது என்று எச்சரித்தனர். 1985இல் தென்துருவத்தின்மேல் ஓசோன் துளை கண்டறியப்பட்டது. 1987இல் மான்ட்ரியால் உடன்படிக்கை பிறந்தது. இந்தியா 1992இல் அதில் சேர்ந்தது. இப்போது வரும் பெட்டிகளில் பெரும்பாலும் ஐசோபியூட்டேன் வாயு இருக்கிறது. ஓசோனுக்குத் தீங்கில்லை. ஆனால் அது எரியும் வாயு. அளவு சில பத்து கிராம்தான் என்றாலும், பனியைக் கத்தியால் குத்திப் பெயர்ப்பவர்கள் இதனை நினைவில் கொள்வது நல்லது.

நம் நாட்டிலேயே குளிர்ப்பெட்டி செய்யப்பட்டது 1958இல், கோத்ரெஜ் நிறுவனத்தாரால். அதன்பின்னும் நீண்டகாலம் அது சீர்வரிசைப் பட்டியலின் முதற்பொருளாகவும், வரவேற்பறையில் வைத்துத் துணி போர்த்திக் காட்டப்படும் செல்வமாகவுமே இருந்தது. வெளிநாட்டுச் சம்பாத்தியம் பெருகிய கடலோர ஊர்களில்தான் அது வரவேற்பறையிலிருந்து சமையலறைக்கு நகர்ந்தது. மலைக்கு ஏற இன்னும் காலம் பிடித்தது.

கொல்லிமலைக்கு அது பெரிதும் தேவைப்படவும் இல்லை என்றே சொல்லவேண்டும். ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரம். மலையாளிப் பழங்குடி மக்கள் விளைவிக்கும் கேழ்வரகும் சாமையும் தினையும் உலர்ந்த இடத்தில் ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும். மிளகுக்கு வேண்டியது உலர்ச்சியே அன்றிக் குளிர் அன்று. மலைவாழையைக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்தால் தோல் கறுத்துப்போகும். பலாவையோ, பெட்டிக்குள் வைத்தால் வெண்ணெய் முதல் தண்ணீர்வரை எல்லாம் பலா மணக்கும். இறைச்சியைப் பொறுத்தவரை, உப்பும் மஞ்சளும் தடவிக் கயிற்றில் கோத்து, மூடுபனி நாளில் அடுப்புப் பரணிலும் வெயில் நாளில் முற்றத்திலும் காயவைத்த உப்புக்கண்டம் இருந்தது. நண்பரின் தாயார் அக்கலையில் கைதேர்ந்தவர்.

இனி தாழ்வாரத்துக்கு வருவோம்.

பெட்டியை நிறுத்திய அரை மணியில் மின்சாரம் கொடுத்தார்கள். முதற்பிழை அது. படுத்துவந்த பெட்டியில் கம்ப்ரஸரின் எண்ணெய் குழாய்களுக்குள் ஓடியிருக்கும். அது திரும்பி வந்து சேர ஓர் இரவேனும் நிமிர்த்தி வைத்துக் காத்திருக்கவேண்டும். இறைவன் காத்தான், பொறி பிழைத்தது. சுவரோடு ஒட்டி வைத்திருந்ததை ஒரு சாண் தள்ளினோம். பின்புறத்து வெப்பம் போக வழி வேண்டுமல்லவா? தளம் சாய்வாயிருந்ததால் கதவு தானே திறந்துகொண்டது. முன்கால்களைத் திருகி ஒரு நூல் உயர்த்தியபின் தானே மூடியது. எர்த் கம்பியில்லாத பழைய இருதுளைப் பிளக்கில் செருகியிருந்ததை மாற்றி, மின்னழுத்தம் ஏறி இறங்கும் மலைக்கேற்ப ஸ்டெபிலைசரும் பொருத்தச் செய்தோம். மின்சாரம் போய் உடனே வந்தால் ஐந்து நிமிடம் பொறுத்தே பொறி ஓடவேண்டும். குழாய்க்குள் அழுத்தம் அடங்குமுன் ஓட முயன்றால் கம்ப்ரஸர் திணறும். இவ்வளவும் செய்துவிட்டு, எல்லாம் சரியாகிவிட்டது என்று நாம் கீழே இறங்கிவிட்டோம். பெட்டி நின்ற இடத்தைப் பற்றி நாமும் யோசிக்கவில்லை.

பெருநாளன்று இரண்டு ஆடுகள் குர்பானி கொடுக்கப்பட்டன. அவ்வீட்டில் தந்தையார் காலத்து வழக்கம், இறைச்சியை மூன்று பங்காக்கி, ஒன்றை வீட்டுக்கும், ஒன்றை உறவுக்கும், ஒன்றை எளியோருக்கும் அன்று பிற்பகலுக்குள் கொடுத்து முடித்துவிடுவது. மலையில் முஸ்லிம் வீடுகள் சிலவே. ஆகவே எளியோர் பங்கு பெரும்பாலும் அண்டையிலிருந்த மலையாளிக் குடும்பங்களுக்குப் போகும். அவர்களும் அந்த நாளை எதிர்பார்த்திருப்பார்கள். கொடுத்துவிட வேண்டும் என்ற பக்தி மட்டுமே அந்த அவசரத்துக்குக் காரணம் என்று சொல்லமாட்டோம். வைத்திருந்தால் கெட்டுவிடும் என்பதும் ஒரு காரணம்தான்.

அவ்வாண்டு கெடாது என்று ஒரு நம்பிக்கை வீட்டுக்குள் வந்து நின்றிருந்தது. கீழேயுள்ள உறவினர் அடுத்த வாரம் வருவார்கள் என்று அவர்கள் பங்கை எடுத்து வைத்தார்கள். வீட்டுப் பங்கையும் வைத்தார்கள். எளியோர் பங்கிலும் ‘நல்ல கறி’ என்று சில துண்டுகள் பெட்டியை நோக்கி நகர்ந்தன. ஏறத்தாழ பதினெட்டுக் கிலோ இறைச்சி, அறுத்த சூடு ஆறாமல், பெரிய பெரிய பைகளில் கட்டப்பட்டு மேலேயுள்ள ஃப்ரீசர் அறைக்குள் நெருக்கி அடைக்கப்பட்டது. மூன்றாம் நாள் திறந்தபோது, ஓரத்துப் பைகள் விறைத்திருந்தன. நடுவிலிருந்தவை விரல் வைத்தால் அழுந்தின. வாடையும் வந்துவிட்டது. பாதிக்கு மேற்பட்டதைத் தோட்டத்தில் குழி தோண்டிப் புதைக்க நேர்ந்தது.

நண்பர் தொலைபேசியில் இதனைச் சொன்னபோது, பெட்டி பழுது என்றே சொன்னார். பழுது பார்க்க மலையேறி வந்தவரும் பெட்டியில் குறையில்லை என்று சொல்லிப் போய்விட்டார். உண்மையில் குறை பெட்டியில் இல்லைதான்.

80 கலோரிக் கணக்கு இங்கேதான் திரும்பி வருகிறது. இறைச்சியில் நான்கில் மூன்று பங்குக்கு அருகில் நீர். டூடரின் பனியை நான்கு மாதம் உருகவிடாமல் காத்த அதே 80 கலோரியை, அந்த நீரின் ஒவ்வொரு கிராமிலிருந்தும் பிடுங்கி எடுத்தால்தான் இறைச்சி உறையும். வீட்டு ஃப்ரீசர், உறைந்த பொருளை உறைந்தபடியே காப்பதற்குச் செய்யப்பட்டது. புதிதாக உறையவைக்கும் அதன் ஆற்றல் நாளொன்றுக்குச் சில கிலோ மட்டுமே. பல பெட்டிகளின் கையேட்டில் அந்த அளவு குறிக்கப்பட்டிருக்கும். கையேட்டை யார் படிக்கிறார்கள்? பெரிய பொட்டலத்தின் புறப்பகுதி உறைந்தால் அதுவே உட்பகுதிக்குப் போர்வையாகி, உள்ளே இளஞ்சூடு நாள்கணக்கில் தங்கும். நுண்ணுயிர்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

இரண்டாவது காரணம் இன்னும் வியப்புக்குரியது. பெட்டி கெட்டது வெப்பத்தால் அன்று, குளிரால். இரு கதவுப் பெட்டிகள் சிலவற்றில், பொறியை ஓட்டுவதும் நிறுத்துவதுமான தெர்மோஸ்டாட் கீழறையின் வெப்பநிலையையே பார்க்கிறது. கீழறை நான்கைந்து டிகிரியாக இருந்தால் போதும், பொறி ஓய்ந்துவிடும். மார்கழி இரவில் திறந்த தாழ்வாரத்துக் காற்றே பதினைந்து டிகிரியை ஒட்டி இறங்கும் இடத்தில், கீழறை நெடுநேரம் தானாகவே குளிர்ந்து கிடக்கும். கம்ப்ரஸருக்கு அழைப்பே வராது. மேலறையிலோ இறைச்சி தன் வெப்பத்தை எடுத்துப்போக ஆளின்றிக் காத்துக்கிடக்கும். பெட்டிகளின்மேல் குறிக்கப்படும் தட்பவெப்ப வகைகள் பலவும் பதினாறு டிகிரிக்கு மேற்பட்ட அறையையே கருதிச் செய்யப்பட்டவை. காசு கொடுத்துக் குளிரை வாங்கினாயா என்று அந்த அம்மையார் கேட்டது, பொறியியல் நோக்கிலும் சரியான கேள்வியாக முடிந்தது!

பிறகு பெட்டியைத் தாழ்வாரத்திலிருந்து சமையலறையை அடுத்த அறைக்கு மாற்றினார்கள். அடுப்புக்கு நேரே அல்லாமல், அதன் வெதுவெதுப்பு எட்டும் தூரத்தில். கதவின் ரப்பர் விளிம்பில் ஒரு ரூபாய்த் தாளைச் செருகி மூடி இழுத்துப் பார்ப்பார் நண்பர். தளர்ந்து வந்தால் அவ்விடத்தில் காற்று கசிகிறது என்று பொருள். மாதம் ஒருமுறை சோடா உப்புக் கரைசலால் உட்புறமும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பின்புறத்துத் தூசும் துடைக்கப்படுகின்றன. 2012இல் சென்னை நீங்கலாகத் தமிழகமெங்கும் மின்வெட்டு பத்து மணி நேரத்தையும் தாண்டிய காலத்தில், மின்சாரம் போனால் பெட்டியைத் திறப்பதில்லை என்ற கட்டுப்பாட்டை அந்த வீட்டுப் பிள்ளைகளும் கற்றுக்கொண்டார்கள். திறக்காத கீழறை நான்கு மணி நேரம் தாங்கும். நிறைந்த ஃப்ரீசர் இரண்டு நாள்கூடத் தாங்கும். உறைந்த பொருளே அங்கே டூடரின் பனியாக நின்று காக்கிறது. இன்சுலின் குப்பி மட்டும் கீழறையின் நடுத்தட்டில், ஃப்ரீசர்க் காற்று படாத இடத்தில் இருக்கும். இரண்டு முதல் எட்டு டிகிரிவரை அதற்கு நலம். உறைந்துபோன இன்சுலினை எறிந்துவிடத்தான் வேண்டும்.

குர்பானி இறைச்சியைச் சேமிப்பது மார்க்கத்தில் தடுக்கப்பட்டதா என்று நண்பர் கேட்டார். தடுக்கப்பட்டதன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஓராண்டு, மூன்று நாளைக்கு மேல் வைத்திருக்கவேண்டாம், எஞ்சியதைக் கொடுத்துவிடுங்கள் என்று பணித்தார்கள். அடுத்த ஆண்டு மக்கள் அதுபற்றி வினவியபோது, உண்ணுங்கள், உண்ணக் கொடுங்கள், சேமித்தும் வையுங்கள் என்று அனுமதித்தார்கள். முந்திய ஆண்டு மதீனாவுக்கு வறுமையுற்ற நாட்டுப்புற மக்கள் வந்திருந்தார்கள், அவர்கள் பொருட்டே அந்தத் தடை என்பதையும் விளக்கினார்கள். இவ்விரு ஆண்டுகளின் வரலாற்றையும் நண்பரிடம் சொன்னோம். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, பங்கு குறைந்தது பற்றி மலையாளிக் குடும்பத்தார் எவரும் அவ்வாண்டு ஒரு சொல்லும் கேட்கவில்லை என்றும், தோட்டத்தில் குழி தோண்டக் கூலிக்கு வந்தவர் அவர்களில் ஒருவரே என்றும் சொன்னார்.

அறுத்த உடனே உறையவைக்கும் இறைச்சி கடினப்பட்டுவிடும் என்பதையும் நாம் சொல்லி வைத்தோம். சில மணி நேரம் குளிர்ந்த இடத்தில் விட்டபின், அரைக்கிலோ அளவில் தட்டையாகப் பரப்பிக் கட்டி, நாளுக்கு இரண்டு மூன்று கிலோ வீதம் வைத்தால் போதும். அந்தச் சில மணி நேரத்தில்தான் முன்பெல்லாம் பங்குகள் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன.

2008 டிசம்பரில் அடுத்த பெருநாளுக்கு நாம் மீண்டும் மலையேறினோம். அஸர் பாங்குக்குள் இரண்டு பங்குகளும் வீட்டைவிட்டுப் போய்விட்டன. கீழேயுள்ள உறவினருக்குரியது அன்று மாலையே நாமக்கல் போகும் லாரியில் ஏறியது. ஃப்ரீசருக்குள் தட்டையான சிறு பொட்டலங்கள் நான்கு இருந்தன. அம்மையாரோ, தம் பங்கில் ஒரு கூடை இறைச்சியை யாரையும் கேளாமல் எடுத்து உப்பும் மஞ்சளும் தடவிக் கயிற்றில் கோத்து அடுப்புப் பரணில் தொங்கவிட்டிருந்தார். பெட்டியில் இடமிருக்கிறதே என்று மருமகள் சொன்னதற்கு, “அது மருந்துக்குடி தாயி. கரண்டு போனாலும் இது போகாது” என்றார். நாம் புறப்படும்போது, சென்ற மாதக் கண்டத்தில் மீந்திருந்த இரண்டு துண்டுகளைத் தணலில் வாட்டிக் கேழ்வரகுக் களியோடு வைத்துக் கொடுத்தார்.